"அரபு நோயாளி" என்றொரு பாடம்: சில விமர்சனக் குறிப்புகள்

எங்கள் வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் நர்சிங் படித்த பெண் இருக்கிற வீட்டில் இரண்டு பேச்சுதான் ஓடும். ஒன்று, அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு. இன்னொன்று, வளைகுடா. வளைகுடா என்றால் பிராமெட்ரிக் தேர்வு, டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் விசா. இது புதிய கதை ஒன்றும் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தொடங்கியதே 1978-இல். ஏஜெண்டுகளிடம் நர்சுகள் லட்சக்கணக்கில் பணம் இழந்த புகார்கள் குவிந்த பிறகு, 2015-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்சுகளை எடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் கையில் ஜெராக்ஸ் குறிப்புகள் இருக்கும். அதில் ஒரு பக்கமாவது "அரபு நோயாளிகளைப் பண்பாடு அறிந்து பராமரித்தல்" என்ற பொருளில் இருக்கும். சொந்தக்காரப் பெண் ஒருவர் கொடுத்ததில் தொடங்கி, இதுமாதிரி குறிப்புகளையும் அவற்றுக்கு மூலமான அமெரிக்கப் பாடநூல் பகுதிகளையும் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு நூலை விமர்சிக்க அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்தால் போதும். அந்த அளவில்தான் இந்தப் பதிவு.

பட்டியலில் என்ன இருக்கிறது?

எந்தக் குறிப்பை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். அரபு நோயாளிக்குக் குடும்பம்தான் எல்லாம். முடிவெடுப்பது குடும்பத்தின் மூத்த ஆண். பார்க்க வருகிறவர் கூட்டம் அதிகம் இருக்கும். பெண் நோயாளிக்குப் பெண் நர்சு, பெண் டாக்டர் வேண்டும். புற்றுநோய் மாதிரி கெட்ட செய்தியை நோயாளியிடம் நேராகச் சொல்லக் கூடாது, முதலில் குடும்பத்திடம் சொல்ல வேண்டும். கண்ணேறு பற்றிய பயம் உண்டு. குழந்தையைப் பாராட்டினால் கூடவே மாஷா அல்லாஹ் சொல்லிவிட வேண்டும். எதையும் விதி என்று ஏற்பார்கள், இன்ஷா அல்லாஹ் என்பார்கள். சாப்பாடும் மருந்தும் வலக்கையால் கொடு. பன்றி, மது கலந்த எதுவும் ஆகாது. ரம்ஜானில் நோன்பு. இறந்தால் சீக்கிரம் அடக்கம். பிரேதப் பரிசோதனைக்குத் தயங்குவார்கள்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதில் பல வரிகள் உண்மையிலேயே உதவும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெப்பாரின் ஊசி மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மாத்திரை உறையில் இருக்கும் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்ற கேள்வி நிஜமான கேள்வி. கை சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த திரவத்தைப் பயன்படுத்தலாமா என்பதைக்கூட உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டியில், மதமும் பண்பாடும் பற்றிய தனிப் பகுதியில் எடுத்துப் பேசுகிறது. முதல் முறை மஸ்கட்டிலோ ரியாத்திலோ நைட் டூட்டி பார்க்கப் போகிற இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு இந்த வரிகள் ஒரு பிடிமானம். "ஒண்ணுமே தெரியாம போறதுக்கு இது மேல்" என்றால் அது சரிதான்.

என் கேள்வி வேறு. இந்தப் பட்டியல் யார், எங்கே, யாருக்காக எழுதியது? நம் ஊர் நர்சு கையில் வரும்போது அது என்ன ஆகிறது?

எங்கிருந்து வந்தது?

மேடலின் லெய்னிங்கர் என்ற அமெரிக்க நர்சு 1950-களில் சின்சினாட்டியில் மனநலம் குன்றிய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மாதிரிப் பராமரிப்பு எல்லாக் குழந்தைக்கும் பலிக்கவில்லை, வீட்டுப் பழக்கம் மாறும்போது ஆறுதலின் அர்த்தமும் மாறுகிறது என்று கவனித்தார். அதன்பின் மானிடவியல் படித்தார். நியூ கினி மலைப்பகுதியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தார். அங்கிருந்து "பண்பாடு கடந்த செவிலியம்" என்ற துறையே பிறந்தது. 1978-இல் அவருடைய பெரிய நூல் வந்தது. நர்சு செய்யக்கூடியது மூன்று என்றார்: நோயாளியின் பழக்கத்தை அப்படியே காப்பாற்றுவது, இரு பக்கமும் பேசி ஒத்துப்போவது, உடம்புக்குக் கெடுதல் செய்கிற பழக்கத்தை நோயாளியோடு சேர்ந்து மாற்றியமைப்பது.

அரபு நோயாளி பற்றித் தனியாக எழுதியவர்களில் முக்கியமானவர் அஃபாஃப் மெலைஸ். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். 1981-இல் அமெரிக்க நர்சிங் இதழ் ஒன்றில், அரபு அமெரிக்கர்கள் மருத்துவமனைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று எழுதினார். தன் மக்களைத் தன் சக நர்சுகளுக்குப் புரியவைக்கிற கட்டுரை அது. யாரோ ஒருவர் நம்மைத் தவறாகப் புரிந்துகொள்கிறார், அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற தவிப்பு அதற்குள் இருக்கிறது.

ஆக, மூலத்தில் இருந்தது கவனிப்பு. வருடக்கணக்கான களப்பணி, அல்லது சொந்த அனுபவம். பாடநூலுக்குள் வரும்போது அது பெட்டிச் செய்தி ஆகிவிட்டது. தேர்வுக் குறிப்புக்குள் வரும்போது ஒரு மதிப்பெண் கேள்வி.

இந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017-இல் ஓர் உதாரணம் கிடைத்தது. பியர்சன் பதிப்பகத்தின் நர்சிங் பாடநூல் ஒன்றில், வலிக்கு எந்தச் சமூகத்தார் எப்படி எதிர்வினை செய்வார்கள் என்று ஒரு பெட்டி இருந்தது. கறுப்பர், யூதர், பூர்வகுடியினர் என்று ஆளுக்கொரு பத்தி. அந்த வரிசையில் "அரபியர், முஸ்லிம்கள்" இருவரையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு ஒரே தலைப்பாக்கியிருந்தார்கள். வலியை இறை நம்பிக்கைக்கான சோதனையாக எடுத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் படம் அக்டோபர் மாதம் சமூக வலைத்தளங்களில் பரவியது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது.

இது வெறும் மரியாதைக் குறைவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை இன மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் சுமார் பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பியிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தலைக்குள் இருக்கும் பட்டியல் கையிலிருக்கும் ஊசியின் அளவை மாற்றுகிறது. இதுதான் இங்கே பணயம்.

அரபு என்றால் யார்?

அரபு லீக்கில் 22 உறுப்பு நாடுகள். மொராக்கோவிலிருந்து ஓமான் வரை. எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள், லெபனானில் மாரோனைட் கிறிஸ்தவர்கள் எல்லாரும் அரபு பேசுகிறவர்கள்தான். அமெரிக்காவுக்கு முதலில் போன அரபியரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. மறுபக்கம், உலக முஸ்லிம்களில் அரபியர் சிறுபான்மை. முஸ்லிம் மக்கள்தொகை மிகுந்த நாடுகளில் முன்னணியில் இருக்கிற இந்தோனேசியாவும் பாகிஸ்தானும் அரபு நாடுகள் இல்லை. அந்தச் சாய்கோடு ஒரே கீறலில் இவ்வளவையும் அழித்துவிடுகிறது.

மொழியும் அப்படித்தான். "எங்கே வலிக்குது?" என்பது நர்சு கேட்கிற முதல் கேள்வி. இதில் "எங்கே" என்ற சொல் வளைகுடாவில் "வேன்", எகிப்தில் "ஃபேன்", புத்தக அரபியில் "அய்ன". ரியாத் மருத்துவமனையில் ஒரே வார்டில் சவூதிப் பாட்டி, எகிப்திய ஆசிரியர், ஏமன் கூலித் தொழிலாளி மூவரும் படுத்திருப்பார்கள். மூவரும் "அரபு நோயாளி". மூவருக்கும் பணம் வேறு, படிப்பு வேறு, அந்த நாட்டில் இருக்கிற உரிமை வேறு.

நமக்கு இது புரிய வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் ஊருக்கு மேலே கல்வராயன் மலையில் இருக்கிற பழங்குடியினரின் பெயர் அரசுப் பட்டியலில் "மலையாளி". தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று வழிவழியாகச் சொல்கிறவர்கள். "மலையாளி நோயாளியைப் பராமரிப்பது எப்படி" என்று வெளியூர்க்காரர் ஒரு குறிப்பைப் படித்துவிட்டு வெள்ளிமலைக்கு வந்தால், ஓணம் எப்போது என்றுதான் கேட்பார். ஒரு பெயர்ச்சொல்லை நம்பினால் இந்த கதிதான்.

இது நம்ம வீடு மாதிரி இருக்கே?

பட்டியலை மறுபடி ஒருமுறை படியுங்கள். குடும்பத்தின் மூத்த ஆண் முடிவெடுப்பார். பார்க்க வருகிறவர் கூட்டம். பெண்ணுக்குப் பெண் டாக்டர். கெட்ட செய்தியை நோயாளியிடம் மறைப்பது. கண்ணேறு. விதி. வலக்கை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இது அத்தனையும் பார்க்கலாம். "அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், கட்டின்னு சொல்லுங்க" என்று கெஞ்சாத மகன் யார்? கைக்குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு இல்லாமல் தடுப்பூசி போட வருகிறவர் எத்தனை பேர்? "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிக்கொண்டே சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. இன்ஷா அல்லாஹ்வும் பல சமயம் அதே மாதிரிப் பேச்சு வழக்குதான். சிகிச்சை வேண்டாம் என்பதற்கான கையெழுத்தாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் இந்தப் பட்டியல் விவரிப்பது அரபியரை மட்டும் இல்லை. அமெரிக்க நடுத்தர வர்க்கத்திலிருந்து எதெல்லாம் வேறுபடுகிறதோ அதையெல்லாம் அரபு என்ற தலைப்பில் போட்டிருக்கிறது. எழுதியவருடைய பண்பாடு எங்கும் எழுதப்படவில்லை, ஏனென்றால் அதுதான் அளவுகோல். நோயாளி தனியாக முடிவெடுக்க வேண்டும், படுக்கைக்கு இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, மாலை இத்தனை மணிக்கு மேல் பார்வையாளர் இல்லை: இவையெல்லாம் "மருத்துவம்" என்று நினைத்துக்கொள்கிறோம். இவையும் ஓர் ஊரின் பழக்கம்தான்.

அந்த ஊரின் பழக்கமும் நிலையாக நிற்கவில்லை. 1961-இல் டொனால்ட் ஓக்கென் என்ற டாக்டர் சிகாகோவில் எடுத்த கணக்கெடுப்பில், சுமார் 90 சதவீத டாக்டர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். 1979-இல் வேறொரு குழு அதே கேள்விகளைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். 1961-இல் அரபு நர்சு யாராவது "அமெரிக்க நோயாளி" என்று பட்டியல் போட்டிருந்தால், கெட்ட செய்தியை நேராகச் சொல்லாதே என்று எழுதியிருப்பார்!

இதில் நம் ஊர் நர்சுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, பாடநூல் அதைச் சொல்வதில்லை. அமெரிக்க மாணவி மனப்பாடம் செய்ய வேண்டிய பாதி விஷயம் இவருக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்களைக் கண்டு இவர் மிரள வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்ணாடியைக் கடன் வாங்கி, தன் பாட்டி மாதிரியே இருக்கிற ஒரு கிழவியை அந்நியராகப் பார்க்க இவருக்கு எதற்குப் பயிற்சி?

விதி தெரிந்தால் ஆள் தெரியுமா?

பட்டியலின் இன்னொரு சிக்கல், அதில் சரியாக இருக்கிற வரிகளிலும் உண்டு. நோயாளிகளும் பயணிகளும் ரம்ஜான் நோன்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள்; இது குர்ஆனிலேயே இருக்கிறது, சந்தேகமில்லை. இதைப் படித்த நர்சு என்ன முடிவுக்கு வருவார்? சர்க்கரை நோயாளி நோன்பு வைக்க மாட்டார், வழக்கமான இன்சுலின் நேரமே போதும் என்று.

2001-இல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் எடுத்த எபிடியார் ஆய்வு 2004-இல் வெளியானது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 43 சதவீதம் பேரும், இரண்டாம் வகையில் 79 சதவீதம் பேரும் அந்த ரம்ஜானில் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். விலக்கு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலா? ஊரெல்லாம் நோன்பு இருக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவதில் இருக்கிற வருத்தம், வீட்டில் பேரனுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராதது, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம்: காரணம் ஆளுக்கு ஆள் மாறும். சட்டம் ஒன்று சொல்லும், மனிதர் ஒன்று செய்வார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது சட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பட்டியல் ஒரு டிஃபால்ட் மதிப்பு. பயனர் எதுவும் உள்ளிடாதபோது உதவும். பயனர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவரைக் கேட்காமல் டிஃபால்ட்டையே நிரந்தரமாக எழுதிவைத்தால் அந்த மென்பொருளை யாரும் வாங்க மாட்டார்கள். "இந்த ரம்ஜானுக்கு நோன்பு வைக்கப் போறீங்களா? போன வருஷம் என்ன பண்ணீங்க?" இரண்டே கேள்வி. பட்டியலில் இந்த இரண்டும் இல்லை.

அதிகாரம் யார் பக்கம்?

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிற குறை.

லெய்னிங்கர், மெலைஸ் இருவரும் எழுதியது அமெரிக்க மருத்துவமனைக்காக. அங்கே நர்சு அந்த நாட்டுக்காரர், நோயாளி வந்தேறி. நர்சு கொஞ்சம் இறங்கி வரவேண்டும் என்பதே பாடம். நல்ல பாடம். சென்னை ஆயிரம் விளக்குப் பக்கம் பெரிய மருத்துவமனைகளுக்கு ஓமானிலிருந்தும் ஏமனிலிருந்தும் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்சுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஊர் நம்முடையது, மொழி தெரியாமல் தவிப்பது அவர்கள்.

ரியாத்தில் நிலைமை தலைகீழ். அங்கே நோயாளி அந்த மண்ணின் குடிமகன். நர்சு வந்தேறி. அவருடைய வேலையும் தங்கும் உரிமையும் பெருமளவு முதலாளியைச் சார்ந்தவை. அரபு அரைகுறை. நோயாளியின் மகன் கோபப்பட்டு ஒரு புகார் எழுதினால் நர்சுக்குத் தூக்கம் போய்விடும். இவரிடம் போய், இரு பக்கமும் பேசி ஒத்துப்போ, கெடுதலான பழக்கத்தை மாற்றியமை என்றால் எப்படி? பேசி ஒத்துப்போக இரண்டு பக்கமும் ஓரளவாவது சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பண்பாட்டை மதி" என்பது "வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்" என்றாகிவிடும். நோயாளிக்கே அது நல்லதில்லை. மருந்து வேண்டாம் என்று மகன் தடுக்கும்போது, அம்மாவின் முகத்தைப் பார்த்து "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்க நர்சுக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைப் பட்டியல் தராது. பின்னால் நிற்கிற நிர்வாகம்தான் தர வேண்டும்.

நியூசிலாந்தில் இரிஹாபெத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்சு இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். மாவோரிகளின் வழக்கங்களை வெள்ளைக்கார நர்சு மனப்பாடம் செய்வதில் அவருக்கு ஆர்வம் இல்லை. தன் கையில் இருக்கும் அதிகாரத்தை நர்சு பார்க்கட்டும், கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று நோயாளி சொல்லட்டும் என்றார். அதற்குப் "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்று பெயர். 1992-இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் பயிற்சியின் பகுதியாக ஏற்றது. என் கண்ணுக்கு இந்தத் துறையிலேயே நேர்மையான யோசனை இதுதான். ஆனாலும் ராம்ஸ்டனின் நர்சும் ஆளும் சமூகத்தவர். நோயாளியின் கட்டிலருகே அதிகாரமும் வார்டு வாசலைத் தாண்டினால் அதிகாரமின்மையும் ஒருசேர உள்ள வந்தேறி நர்சுக்கு இன்னும் பாடம் எழுதப்பட வேண்டும். எழுத வேண்டியது நம் ஊர்களிலிருந்துதான். போகிறவர்கள் நம் பெண்கள்.

இன்னொன்றும் உண்டு. வளைகுடா மருத்துவமனையில் படுத்திருப்பவர் எல்லாரும் அரபியர் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த நம் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பையன்களும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர் கூட்டம் இல்லை. முடிவெடுக்க மூத்த ஆண் பக்கத்தில் இல்லை, போனில் இருக்கிறார். "வளைகுடாவில் தமிழ்த் தொழிலாளி நோயாளி" என்ற பெட்டிச் செய்தியை நான் படித்த எந்தக் குறிப்பிலும் காணோம்.

மலையிலிருந்து பார்த்தால்

பட்டியல் எதை மறைக்கும் என்பதைக் காட்ட எங்கள் மலையையே எடுத்துக்கொள்கிறேன். கல்வராயன் மலை மக்களைப் பற்றி ஒருவர் இப்படி எழுதலாம்: வீட்டுப் பிரசவத்தை விரும்புவார்கள். முதலில் பச்சிலை, அப்புறம் பூசாரி, கடைசியில்தான் ஆஸ்பத்திரி. சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் காட்டவும் முடியும்.

ஆனால் சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2024-இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகள் பற்றிய வழக்கை எடுத்தது. சாலை, பஸ், ஆஸ்பத்திரி என்று அரசிடம் கணக்குக் கேட்டது. தேதிக்கு வராததற்குக் காரணம் நம்பிக்கையா, பஸ்ஸா? பட்டியல் "நம்பிக்கை" என்று எழுதிவிடும், ஏனென்றால் அதில் பஸ்ஸுக்கு ஒரு கட்டம் இல்லை. பண்பாடு என்ற சொல் இப்படித்தான் சில சமயம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவுகிறது. குறை நோயாளியின் தலைக்குள் இருப்பதாக ஆகிவிட்டால் சாலை போட வேண்டியதில்லையே.

இதற்கு நேர்மாறான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்கிய கர்ப்பிணி முன்னாடியே வந்து தங்கலாம், கூட ஒருவர் இருக்கலாம், இருவருக்கும் சாப்பாடு. தூரம் என்ற தடையும் தனியாக விட மாட்டோம் என்ற வழக்கமும் ஒரே ஏற்பாட்டில் தீர்கின்றன. இதற்கு நர்சு எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒரு நிர்வாகம் யோசித்தது, பணம் ஒதுக்கியது. பண்பாட்டுத் தகுதி என்று ஒன்று உண்டென்றால் அது முதலில் கட்டடத்துக்கும் டூட்டி அட்டவணைக்கும் இருக்க வேண்டிய தகுதி. இரவிலும் ஒரு பெண் டாக்டர், குடும்பத்து ஆள் இல்லாத தனி மொழிபெயர்ப்பாளர், ரம்ஜானுக்கு மாற்றியமைத்த மருந்து நேரம், கூட்டமாக வருகிறவர்கள் உட்கார ஓர் அறை: இவை இருந்தால் பாதிப் பட்டியல் தேவையே இல்லை.

அப்போ என்னதான் படிக்கிறது?

லெய்னிங்கரின் நூல் வந்த அதே 1978-இல் ஆர்தர் கிளெய்ன்மன் என்ற மனநல மருத்துவரும் மானிடவியலாளருமானவர் இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியிடம் கேட்கச் சில எளிய கேள்விகளை அதில் கொடுத்தார். பண்பாட்டுத் தகுதி என்பது செய்ய வேண்டியவை, கூடாதவை என்ற பட்டியலாகச் சுருங்கிவிட்டது என்று 2006-இல் அவரே இன்னொருவரோடு சேர்ந்து எழுதி எச்சரித்தார். அந்தக் கேள்விகளின் போக்கை நம் பேச்சில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?
இது எதனால வந்துச்சுன்னு வீட்ல என்ன பேசிக்கிறாங்க?
இதுல உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கறது எது?
என்ன வைத்தியம் பண்ணினா சரியாகும்னு தோணுது?

இதோடு நான் மூன்றைச் சேர்ப்பேன். உடம்பு பற்றிய விவரத்தை உங்களிடம் சொல்லட்டுமா, வேறு யாரிடமாவது சொல்லட்டுமா? உங்களைத் தொடுவதிலும் சாப்பாட்டிலும் மருந்திலும் நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? இங்கே வரவும் தங்கவும் என்ன சிரமம்? கடைசிக் கேள்விதான் பஸ்ஸுக்கான கட்டம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். இருபது, முப்பது படுக்கைக்கு ஒரு நர்சு நிற்கிற வார்டில் இத்தனை கேள்விக்கு நேரம் ஏது என்று. உண்மைதான். பட்டியல் பிரபலமானதற்குக் காரணமே அதுதான்: கேட்க நேரம் இல்லாத இடத்தில் கேட்காமலே தெரிந்த மாதிரி ஒரு திருப்தியைத் தருகிறது. ஆனால் ஏழு கேள்வியையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை. மருந்து கொடுக்கும்போது ஒன்று, பெட்ஷீட் மாற்றும்போது ஒன்று. அதற்கும் நேரமில்லை என்றால் அந்த வார்டின் குறை நர்சு எண்ணிக்கை, நர்சின் பண்பாட்டு அறிவு இல்லை. அதை அந்தப் பெயரிலேயே சொல்லிக் கேட்போம்.

பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. தேர்வில் கேள்வி வரும், படித்துத்தான் ஆக வேண்டும். ஹெப்பாரின், ஜெலட்டின், நோன்பு நேரம் இவற்றைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். நான் சொல்வது, பட்டியலின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் உள்ள முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி போடுங்கள் என்பதுதான். "குடும்பத்தின் மூத்த ஆண் முடிவெடுப்பார்." என்பது "உங்க வீட்ல யார்கூட கலந்து முடிவெடுப்பீங்க?" ஆகட்டும். தகவல் அதேதான். பதில் சொல்லும் உரிமை மட்டும் நோயாளிக்குத் திரும்பிப் போகிறது.

நம் பக்கத்து நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு யோசனையும் உண்டு. சமூக நல நர்சிங் பாடத்துக்காக மாணவிகள் களப்பணிக்குப் போகத்தான் போகிறார்கள். அவர்களை ஒரு வாரம் கல்வராயன் மலைக் கிராமங்களில் விட்டு, இந்தக் கேள்விகளை மட்டும் கொடுத்து, பதில்களை எழுதி வரச் சொல்லலாம். பாஷை நம்முடையதே, தூரம் ஒரு பஸ் டிக்கெட். தமிழ் பேசுகிறவரிடமே கேட்காமல் எத்தனை விஷயத்தை முடிவு கட்டி வைத்திருக்கிறோம் என்று அங்கே தெரிந்துவிடும். அதன்பிறகு அரபு நோயாளி பற்றிய ஜெராக்ஸை எடுத்துப் படித்தால், எந்த வரியை நம்பலாம், எந்த வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கே பிடிபடும்.